தள்ளுபடியில் டிசைனர் திரைத்துணி: அளவெடுப்பது முதல் தைத்து மாட்டுவது வரை

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் தரைக்கும் சமையலறைக்கும் குளிர்சாதனத்துக்கும் காசு போய்விடும். ஜன்னல் பக்கம் திரும்பும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பகல் திரை, இரவுத் திரை, ட்ராக் (திரை ஓடும் தண்டு), கூலி எல்லாம் சேர்த்துத் திரைக் கடைக்காரர்கள் ஒரு மொத்த விலை சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிறங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நல்ல துணியின் மேல் ஆசை உள்ளவர்கள் காசு இல்லை என்பதற்காக அந்த ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. நல்ல நெசவும் ஆழமான சாயமும் கொண்ட துணி சிங்கப்பூரிலேயே பாதி விலைக்கும் கீழே கிடைப்பதுண்டு. கடைக்குப் போகும்போது உங்கள் ஜன்னலின் கணக்கு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சத் துணி யாருக்காகவும் காத்திருக்காது. “வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருகிறேன்” என்று கிளம்பினால் திரும்பி வருவதற்குள் அந்தத் தான் (துணிச் சுருள்) வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

விலை ஏன் இறங்குகிறது

டிசைனர் துணி என்று கடைக்காரர்கள் சொல்வது, தனக்கென்று வடிவமைப்பாளர்களை வைத்து ஆண்டுதோறும் புதுத் தொகுப்பு வெளியிடும் நிறுவனங்களின் துணியை. இங்கிலாந்தின் சாண்டர்சன் 1860லும், மாரிஸ் அண்ட் கோ 1861லும், டிசைனர்ஸ் கில்ட் 1970லும் தொடங்கியவை. டென்மார்க்கின் க்வாட்ராட் 1968இல் பிறந்தது. இவர்களின் தொகுப்புகள் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருகின்றன. புதியது வந்தால் பழையதில் சில வடிவங்களும் நிறங்களும் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட துணியில் குறை எதுவும் இல்லை. அதை இனி ஆர்டர் செய்ய முடியாது, அவ்வளவே. நான் முதலில் தேடச் சொல்வது இந்த வகையைத்தான்.

அடுத்தது தானின் கடைசித் துண்டு. 50 மீட்டர் தானிலிருந்து பெரிய வேலைகளுக்கு வெட்டி எடுத்தபின் 4 மீட்டரோ 9 மீட்டரோ நிற்கும். கடைக்கு அது இடத்தை அடைக்கும் சரக்கு. நம்மூர்த் துணிக்கடையில் கட்பீஸ் என்று குவித்து வைப்பார்களே, அதே வகைதான். மூன்றாவது, உள்வடிவமைப்பாளர் ஒருவர் வரவழைத்து, வீட்டுக்காரர் மனம் மாறியதால் நின்றுபோன துணி. நான்காவது, ஷோரூமில் தொங்கிய மாதிரித் திரைகள். ஐந்தாவது, நெசவிலோ அச்சிலோ குறை கண்டு இரண்டாம் தரமாக ஒதுக்கப்பட்டவை. முதல் மூன்றுக்கும் தயங்க வேண்டாம். மாதிரித் திரை கண்ணாடி ஓரம் தொங்கியிருந்தால் வெயில் குடித்திருக்கும், ஆகவே விரித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். இரண்டாம் தரத்தைக் கண்ணுக்கு நேரே நிற்கும் வரவேற்பறை ஜன்னலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: ஜன்னலை அளப்பது

ஜன்னல் சட்டத்தை அளந்து பயனில்லை. திரை தொங்கப்போகும் ட்ராக்கின் நீளமும், அங்கிருந்து தரை வரையிலான உயரமுமே வேண்டும். வெளிச்சம் ஓரத்தில் கசியாமலிருக்க, சுவர் இடம் கொடுத்தால் ஜன்னலின் இருபுறமும் 15 முதல் 20 செ.மீ. தாண்டி ட்ராக் போகட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரையிலிருந்து கூரை வரை சுமார் 2.6 மீட்டர். பொய்க்கூரை போட்டிருந்தாலோ, திரையை மறைக்கப் பெட்டி அடித்திருந்தாலோ அது மாறும். உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் எடுங்கள். தரை எங்கேயும் முழுச் சமமாக இருப்பதில்லை. அவற்றில் சிறிய அளவை எடுத்துக்கொண்டு, தரையில் உரசாமலிருக்க 1 செ.மீ. கழித்துவிடுங்கள்.

துணி நாடாவுக்குப் பதில் இரும்பு அளவு நாடாவைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை மீட்டர் வேண்டும்

தள்ளுபடித் துணியில் லாபமும் நஷ்டமும் முடிவாவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பிய டிசைனர் துணி பெரும்பாலும் 137 முதல் 140 செ.மீ. அகலத்தில் வரும். திரைக்குக் கொசுவம் வேண்டும். ட்ராக்கின் நீளத்தைப்போல் 2 மடங்கு துணி இருந்தால் அழகாக விழும், மெல்லிய பகல் திரைக்கு 2.5 மடங்கு. ட்ராக் 300 செ.மீ., உயரம் 256 செ.மீ. என்று வையுங்கள். 300ஐ இரட்டித்தால் 600. ஓர மடிப்புகளுக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் 40 சேர்த்தால் 640. அதை 137ஆல் வகுத்தால் 4.67, அதாவது 5 அகலம் (முழு அகலத் துண்டுகள் ஐந்து). பக்கத்துக்கு இரண்டரை அகலம் வரும். அரை அகலத்தைச் சுவர் ஓரமாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், நடுவில் வைத்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும்.

இனி நீளம். 256உடன் மேல் மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் 30 சேர்த்தால் 286 செ.மீ. வெற்றுத் துணியானால் 5 × 2.86 = 14.3 மீட்டர் போதும். பூவோ கொடியோ பெரிதாக இருந்தால், ஒவ்வொரு துண்டிலும் அது ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும். ஒரு வடிவம் மீண்டும் வரும் தூரம் 64 செ.மீ. என்றால் 286க்குள் நாலரைத் தடவைதான் அடங்கும். எனவே 5 தடவை, 320 செ.மீ. வெட்ட வேண்டும். ஐந்து துண்டுக்கு 16 மீட்டர். அதே ஜன்னலுக்கு வடிவத்தால் மட்டும் 1.7 மீட்டர் கூடுகிறது. மீட்டர் விலை ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துணிகளில் எது மலிவு என்பதை இந்தக் கணக்குக்குப் பிறகுதான் சொல்ல முடியும்.

மிச்சத் துணியில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் ஒரே துணியில் இரண்டு துண்டுகள் காட்டுகிறார், ஒன்று 9 மீட்டர், மற்றது 8. மொத்தம் 17, நமக்கு வேண்டியது 16. போதும் என்று தோன்றும். போதாது. 9 மீட்டரில் 3.2 மீட்டர் துண்டு இரண்டுதான் வரும், 8 மீட்டரிலும் இரண்டுதான். ஆக நான்கு. ஐந்தாவது அகலம் எங்கிருந்தும் வராது. ஆகவே மொத்த நீளத்தைக் கேட்காதீர்கள், உங்கள் வெட்டு நீளத்துக்கு எத்தனை துண்டு தேறும் என்று பாருங்கள். துணி கொஞ்சம் கனமானதாக இருந்து, உள்ளே லைனிங்கும் வைப்பதாக இருந்தால் நான்கு அகலத்திலேயே 1.7 மடங்கு கொசுவத்தோடு சமாளிக்கலாம். மெல்லிய துணியில் அந்தச் சிக்கனம் வேண்டாம், திரை இழுத்துக் கட்டிய படுக்கை விரிப்பாக நிற்கும்.

280 செ.மீ. அகலத் துணியும் கிடைக்கிறது. அதைக் குறுக்கே திருப்பி, அகலத்தையே உயரமாக்கித் தைப்பார்கள். இணைப்பே இருக்காது, 6.4 மீட்டர் போதும். ஆனால் மேலே நாம் போட்ட வெட்டு உயரம் 286. அடி மடிப்பைச் சுருக்கினால்தான் 280க்குள் அடங்கும். 300 செ.மீ. அகலம் கிடைத்தால் கவலையில்லை. பூ வடிவம் குறுக்கே படுத்துவிடுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய துணிக்கடைகளில் இன்றும் கஜக் கணக்கு உண்டு. ஒரு கஜம் 0.9144 மீட்டர்தான். 16 மீட்டர் என்பது ஏறத்தாழ பதினேழரைக் கஜம். சொன்ன விலை மீட்டருக்கா கஜத்துக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 3: துணி குறைவாகவே கிடைத்தால்

முழு ஜன்னலுக்கும் டிசைனர் துணி வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் வாய்ப்புகள் பல மடங்காகும். எனக்கு மிகவும் பிடித்த வழி, திரையின் உட்கரையில் மட்டும் அந்தத் துணியை வைப்பது. இரு திரைகளும் நடுவில் சந்திக்கும் ஓரத்தில் 25 செ.மீ. பட்டை, மீதி முழுவதும் சாதாரணக் கெட்டிப் பருத்தியோ லினன் கலவையோ. தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து 32 செ.மீ. வெட்டினால் 137 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் தேறும். ஒரு ஜன்னலுக்கு இரண்டு. ஒரே ஒரு 3.2 மீட்டர் துண்டு இரண்டு ஜன்னல்களை அழகாக்கிவிடும்! வடிவம் அகலவாக்கில் 68 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வந்தால் முதல் பட்டையும் மூன்றாவதும் ஒரே மாதிரி வரும்படி வெட்டலாம், இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. இதை ஒரு தாளில் வரைந்து தையற்காரரிடம் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும்.

ஒன்றரை மீட்டர் கிடைத்தால் படிப்பறையின் சிறு ஜன்னலுக்கு மேலே இழுத்தால் மடிந்து ஏறும் மடிப்புத் திரை ஒன்று தைக்கலாம். சாமி மேடைக்கு முன் தொங்கவிடவும் நன்றாக இருக்கும். ஆனால் விளக்கேற்றும் இடத்துக்கு அருகே எந்தத் துணியும் ஆடாமலிருக்கட்டும், பாலியெஸ்டர் உருகி ஒட்டும், பருத்தி சட்டென்று பற்றும்.

படி 4: உங்கள் ஜன்னல் எந்தத் திசை

ஐரோப்பியத் துணி ஐரோப்பிய வெயிலை நினைத்து நெய்யப்பட்டது. நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு ஒரு பாகை வடக்கே. மேற்குப் பார்த்த ஜன்னலில் மதியம் இரண்டு மணிக்குமேல் விழும் வெயில் ஆண்டு முழுக்க விழுகிறது. பட்டு இந்த வெயிலில் நைந்து, சில ஆண்டுகளில் கொசுவ மடிப்பின் மேடு வழியாகக் கிழியும். தள்ளுபடியில் பட்டு கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் வெயில் படாத அறைக்கு, கெட்டி லைனிங்கோடு. ஆழ்ந்த நீலம், சிவப்பு அச்சுப் பருத்திகளும் மேற்கில் வெளுக்கும். சாயம் வெளிச்சத்தைத் தாங்கும் திறனுக்கு 1 முதல் 8 வரை மதிப்பெண் உண்டு. மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும், 5க்குக் குறைந்தால் மேற்குப் பக்கம் போடாதீர்கள். நூலாவதற்கு முன்பே சாயமேற்றிய அக்ரிலிக்கும் நல்ல பாலியெஸ்டரும் அங்கே நன்றாக உழைக்கும்.

ஈரப்பதமும் உண்டு. லினன் மழைநாளில் ஒரு நீளம், குளிர்சாதனம் ஓடும் நாளில் ஒரு நீளம் காட்டும். அது குறையல்ல, லினனின் குணம். பிடிக்காது என்றால் லினன், பாலியெஸ்டர் கலவையை எடுங்கள். வெல்வெட் படுக்கையறையில் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், தூசியையும் நன்றாகப் பிடிக்கும். வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் வேண்டாம்.

படி 5: எங்கே தேடுவது

அரப் ஸ்திரீட்டின் துணிக்கடைகள்தான் என் முதல் நடை. தலைமுறைகளாகத் துணி விற்கும் தெரு அது, கடைக்காரருக்குத் துணி தெரியும். முன்னால் தெரிவது சேலை, லேஸ், பத்திக் வகைகளாக இருந்தாலும் உள்ளே போய்த் திரைத்துணி மிச்சம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஜூ சியாட் காம்ப்ளெக்ஸில் நோன்புப் பெருநாளையொட்டித் திரை வியாபாரம் களைகட்டும். சீனப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் தையற்கூடங்களில் மூச்சுவிட நேரமிருக்காது, பேரமும் படியாது. பண்டிகை முடிந்தபின் போனால் மிச்சத் தான்களும் இருக்கும், கடைக்காரருக்குப் பேச நேரமும் இருக்கும். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் லைனிங்குக்கும் கெட்டிப் பருத்திக்கும் நல்லது. பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட் கடையில் உறுப்பினர் விலையும் அடிக்கடி தள்ளுபடியும் உண்டு, ஆனால் டிசைனர் பெயர்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பெயர் பெற்ற துணிகள் ஷோரூம்களில்தான் இருக்கும். அவுட்ரம் சாலையின் டான் பூன் லியாட் கட்டடம் போல வீட்டு அலங்காரக் கடைகள் குவிந்த இடங்களில் தொடங்குங்கள். உள்ளே நுழையத் தயங்க வேண்டாம். “நிறுத்தப்பட்ட துணிகளின் பட்டியல் இருக்கிறதா? 137 அகலத்தில் 16 மீட்டர், ஒரே சாய எண்ணில் வேண்டும்” என்று கேட்டுப் பாருங்கள். ஒரே தடவையில் சாயமேற்றிய துணிக்குக் கொடுக்கும் எண்தான் சாய எண். அளவைத் தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளரை எந்த விற்பனையாளரும் மதிப்பார். உபி, காக்கி புக்கிட் தொழிற்பேட்டைகளின் திரை தைக்கும் கூடங்களிலும் மிச்சம் இருக்கும். கரோசெல் இணையச் சந்தையில் தனியார் விற்கும் துணிகள் சில நேரம் மிக மலிவு. வாங்குமுன் நேரில் விரித்துப் பாருங்கள்.

படி 6: கடையில் சோதிப்பது

வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். எனவே கத்தரி எடுக்குமுன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

தானை முழுக்க விரிக்கச் சொல்லுங்கள். மடிந்து கிடந்த கோட்டில் நிறம் வெளுத்திருக்கிறதா என்று வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சுத் துணியானால் ஊடை நூல் ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்து, பூக்களின் வரிசை அதோடு நேராகப் போகிறதா என்று கவனியுங்கள். அச்சு சாய்ந்திருந்தால் எவ்வளவு திறமையான தையற்காரராலும் சரிசெய்ய முடியாது. நூலுக்கு நேராக வெட்டினால் பூ சாயும், பூவுக்கு நேராக வெட்டினால் திரை முறுக்கிக்கொள்ளும். இரண்டாம் தரமாக ஒதுக்கப்படும் துணிகளில் இது அடிக்கடி வரும் காரணம், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

துணியின் நெய்த ஓரமான கரையைப் பாருங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் அச்சுத் துணியில் நிறுவனப் பெயரும் வடிவத்தின் பெயரும், பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு புள்ளியும் கரையில் அச்சாகியிருக்கும். நெசவுத் துணியில் அந்த விவரம் தானின் சீட்டில் இருக்கும். கரையை வெட்டி எடுத்துவிட்டு டிசைனர் விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள், சாயம் ஒட்டினால் நம் ஈரக்காற்றில் அது சுவரிலும் ஒட்டும். இரண்டு தான்களிலிருந்து வெட்டுவதாக இருந்தால் சாய எண் ஒன்றாக இருக்கட்டும். ஒரே நிறம் என்று கடை விளக்கில் தோன்றுவது பகல் வெளிச்சத்தில் இரண்டாகத் தெரியும்.

படி 7: விலை பேசுவது

மீட்டர் விலையில் பேரம் பேசாதீர்கள். “இதில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது? எல்லாவற்றையும் எடுத்தால் என்ன விலை?” என்று கேளுங்கள். 18 மீட்டர் துண்டில் நீங்கள் 16 எடுத்தால் மீதி 2 மீட்டரைக் கடைக்காரர் விற்க முடியாது, அது அவருக்கும் தெரியும். அந்த 2 மீட்டர் உங்களுக்குத் தலையணை உறையாகும். சொன்ன விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ரசீதில் துணியின் பெயர், நிறம், சாய எண், மீட்டர் எல்லாம் எழுதி வாங்குங்கள். சொல்லாமல் மறைத்த குறை 6 மாதத்துக்குள் வெளிப்பட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம். முன்கூட்டியே காட்டி, அதற்காக விலை குறைத்த குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

படி 8: வெளியூரில் வாங்கினால்

இங்கிலாந்தின் கடைகள் பல, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தங்கள் நாட்டு 20 விழுக்காடு வரியைக் கழித்துவிடும். 120 பவுண்டு துணி 100 ஆகும். அதன்மேல் இங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 2023 முதல் விமானத்திலும் அஞ்சலிலும் வரும் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் இந்த வரி உண்டு. எடையையும் கணக்கிடுங்கள்: சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ள துணி 16 மீட்டர் என்றால் ஆறரைக் கிலோவைத் தாண்டும். வாங்குமுன் மாதிரித் துண்டு வரவழைத்து உங்கள் ஜன்னலில் ஒட்டிவைத்துக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். கைப்பேசித் திரையில் தெரியும் நிறத்தை நம்பிப் 16 மீட்டர் வாங்கக்கூடாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு கரூர் இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வீட்டுத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஊர், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு அங்கேயே விலைக்கு வரும். திரும்பி வரும்போது, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி வரையும், அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளி வரையும் ஜிஎஸ்டி விலக்கு. ஜொகூர் பாருவில் தைக்கக் கொடுத்து ஒரே நாளில் போய் வருபவர்களுக்கும் அந்த 100தான். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், சார்ந்திருப்போர் அட்டை, மாணவர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை. நம்மில் பலருக்கு இது தெரியாது. விலக்குக்கு மேற்பட்டதை அறிவித்து வரி கட்டிவிடுங்கள்.

படி 9: தையல்

எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் திரை செய்து தரும் கடைகள் சில, வெளியே வாங்கிய துணியைத் தைக்க மறுக்கும். ஆகவே துணி வாங்குமுன் தையற்காரரைப் பேசி முடியுங்கள். தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையற்காரர்கள் உடைக்குப் பேர்போனவர்கள். திரையும் தைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரிய மேசை இல்லாதவரிடம் நீளத் திரையைக் கொடுக்க வேண்டாம். பூ பொருத்தித் தைக்கக் கூடுதல் கூலியா, லைனிங் யார் வாங்குவது, ட்ராக்கும் மாட்டும் கூலியும் தனியா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். துணி, லைனிங், தையல், ட்ராக், மாட்டும் கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு என்று பார்த்து, அதைக் கடையின் மொத்த விலையோடு ஒப்பிடுங்கள்.

பருத்தியும் லினனும் முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கலாம். 256 செ.மீ. திரையில் 5 விழுக்காடு என்பது கிட்டத்தட்ட 13 செ.மீ. வீட்டில் துவைக்கும் எண்ணம் இருந்தால் வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்தித் தரச் சொல்லுங்கள், அல்லது உலர் சலவைக்கே கொடுப்பதென்று முடிவெடுங்கள். லினனானால் அடி மடிப்பைத் தற்காலிகமாக ஊசித் தையல் போட்டு மாட்டி, ஒரு வாரம் தொங்கவிடுங்கள். துணி தன் எடையில் இறங்கி நின்றபின் அந்த நீளத்தில் மடிப்பை முடிக்கச் சொல்லுங்கள். இதற்காக இரண்டாவது தடவை வரத் தையற்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள்.